தம்பியின் தட்டு

ஐயா, என் தம்பிக்கு 19 வயது. கழுத்தில் கட்டி வந்து, பயாப்ஸியில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய், எப்ஸ்டீன்-பார் வைரஸ் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. வேலூரில் கீமோ தொடங்கப் போகிறார்கள். வைரஸின் ஜீனையே தூண்டிவிட்டுக் கட்டியை அழிக்கும் மருந்து வெளிநாட்டில் இருக்கிறதாமே, அதற்காகக் காத்திருக்கலாமா? ஒருவர் மூலிகைக் கசாயமும் சொல்கிறார். வீட்டில் குழந்தைகள் இருப்பதால் இப்போதைக்கு அவனுக்குத் தட்டு, டம்ளர் தனியாக வைத்திருக்கிறோம்.
- செல்வி, குடியாத்தம்

அன்புள்ள செல்வி,

நீங்கள் கேட்கும் ஆராய்ச்சியைக் கொஞ்ச நாளாக நானும் படித்துக்கொண்டிருக்கிறேன். உகாண்டாவிலிருந்து லண்டனுக்கு வந்த ஒரு கட்டியில் 1964இல் கண்டுபிடித்த வைரஸ் இது. கட்டியின் செல்லுக்குள் தன் ஜீன்களில் பெரும்பாலானவற்றை அடக்கிவைத்துக்கொண்டு பதுங்கிக் கிடக்கும். அதனால் கான்சிக்ளோவிர் போன்ற வைரஸ் மருந்துக்கு அங்கே வேலையில்லை. ஆர்ஜினைன் பியூட்டிரேட் என்ற மருந்தைக் கொடுத்து அந்த ஜீன்களை எழுப்பினால் வைரஸ் ஒரு நொதியைச் செய்கிறது. அது, கூடவே கொடுக்கும் கான்சிக்ளோவிரை நஞ்சாக மாற்ற, செல்லே செத்துப்போகிறது. 2007இல் வெளியான சோதனையில், வேறு சிகிச்சைக்கு மசியாத 15 பேரில் 10 பேருக்குப் பலன் தெரிந்தது. அதில் 4 பேருக்குக் கட்டி முழுதாக மறைந்தது. படித்தபோது சிலிர்த்துவிட்டது. ஆனால் ஹாட்ஜ்கின், கீமோவுக்கே நன்றாகக் கட்டுப்படும் நோய். காத்திருக்காதீர்கள். கசாயம் வேண்டாம்.

சரி, அந்தத் தட்டுக்கு வருகிறேன். ஏம்மா, யாரைக் கேட்டு இதைச் செய்தீர்கள்? உலகத்தில் பெரியவர்கள் 100 பேரில் 90 பேருக்கு மேல் இந்த வைரஸ் உண்டு. எச்சிலில் பரவும், உண்மைதான். ஆனால் பெரும்பாலும் சின்ன வயதிலேயே வந்து, வந்தது தெரியாமல் உடம்பில் தங்கிவிடும். எனக்கும் இருக்கும், உங்களுக்கும் இருக்கும், தட்டை ஒதுக்கச் சொன்னவருக்கும் இருக்கும். மிகச் சிலருக்குத்தான் அது கட்டியில் கொண்டுபோய் விடுகிறது. புற்றுநோய் தட்டு வழியாக யாருக்கும் ஒட்டாது.

வாலாஜாப்பேட்டையில் என் அத்தைக்கு மார்பில் கட்டி வந்தபோது, விளிம்பு நசுங்கிய அலுமினியத் தட்டு ஒன்றைப் பின்கட்டில் போட்டார்கள். கரண்டி தட்டில் பட்டுவிடக் கூடாதென்று உயரத்தூக்கி ஊற்றுவார்கள். குழம்பு அவள் புடவையில் தெறிக்கும். அந்த வீட்டையே கட்டி ஆண்ட மனுஷி, பிறகு 'போதும்' என்பதைத் தவிர யாரிடமும் எதுவும் பேசவில்லை. நோய்க்குப் பயந்து செய்தோம் என்று இன்றும் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

இன்றைக்கே தம்பியைக் கூடத்தில் எல்லாரோடும் உட்காரவைத்துச் சோறு போடுங்கள். கீமோ தொடங்கினால் வெள்ளை அணு குறையும். அப்போது தொற்று நம்மிடமிருந்துதான் அவனுக்குப் போகும். சளி பிடித்தவர்கள் கிட்டே போகாதீர்கள், கை கழுவிவிட்டுப் பரிமாறுங்கள். அந்த நாட்களில் டாக்டரே தனிப் பாத்திரம் வைக்கச் சொல்லலாம். அப்படியானால் அது அவனைக் காப்பாற்றத்தான் என்று அவனிடமே சொல்லிவிட்டு வையுங்கள். அப்புறம், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று பார்க்காமல், அந்த ராத்திரியே வண்டி பிடித்து வேலூருக்குக் கிளம்பிவிடுங்கள்.

அன்புடன்.