கார்பைடின் மீது பிளாட்டினம் ஏன் படலமாகப் பரவவில்லை?

ஆராய்ச்சி மாணவர் ஒருவரின் கேள்வி: “டங்ஸ்டன் கார்பைடு தூளின் மீது பிளாட்டினச் சேர்மமான குளோரோபிளாட்டினிக் அமிலத்தின் கரைசலிலிருந்து பிளாட்டினத்தைப் படியவைத்தேன். ஓரணுத் தடிமனுள்ள படலத்தை எதிர்பார்த்தேன். மின்னணு நுண்ணோக்கியில் 2 முதல் 3 நானோமீட்டர் அளவுள்ள மணிகளே தெரிகின்றன. அமிலக் கரைசலில் மின்சாரம் செலுத்தி ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும் ஹைட்ரஜன் வெளியீட்டு வினைக்கு இது தேவைப்படுகிறது. படிவு முறையை மாற்ற வேண்டுமா?”

முறையை மாற்றுவதற்கு முன் கார்பைடின் மேற்பரப்பைச் சோதியுங்கள். டங்ஸ்டனும் கார்பனும் சேர்ந்த சேர்மமான டங்ஸ்டன் கார்பைடின் வினையூக்கத் தன்மை பிளாட்டினத்தை ஒத்திருப்பதை லெவி, பௌடார்ட் என்ற ஆய்வாளர்கள் 1973இல் காட்டினர். அதன் மீது படிந்த பிளாட்டினத்தின் ஓரணு அடுக்கு, ஹைட்ரஜன் வெளியீட்டில் முழுப் பிளாட்டினத்துக்கு நெருக்கமாகச் செயல்படுவது 2010இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. ஆனால் இந்த ஒற்றுமை தூய கார்பைடுக்கே உரியது. காற்றுப் பட்ட தூளின் மேல் ஆக்சைடு இருக்கும். கார்பைடாக்கக் கார்பனைத் தரும் மீத்தேன் வாயு மிகுந்த சூழலில் தயாரித்திருந்தால் கட்டற்ற கார்பனும் படிந்திருக்கும். இவ்விரண்டின் மீதும் பிளாட்டினம் பரவுவதைவிடத் தன்னோடு தானே ஒட்டித் திரள்வதையே விரும்புகிறது. நீங்கள் கண்ட மணிகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். உங்கள் கரைசல் முறையில் இன்னொரு சிக்கலும் உண்டு: கார்பைடே எலக்ட்ரான்களைக் கொடுத்துப் பிளாட்டின உப்பை உலோகமாக ஒடுக்கக்கூடும் என்பதால், படிவு நடக்கும்போதே அதன் மேற்பரப்பு ஆக்சைடாகிவிடலாம்.

கட்டற்ற கார்பனை நீக்க, தயாரிப்பின் இறுதியில் மீத்தேனை நிறுத்திவிட்டுத் தூய ஹைட்ரஜனில் சிறிது நேரம் சூடேற்றலாம். அளவு மீறினால் கார்பைடிலுள்ள கார்பனே வெளியேறத் தொடங்கும். டங்ஸ்டன் ஆக்சைடு அமிலத்தில் எளிதில் கரையாது, காரத்தில் கரையும். ஆகவே நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் கழுவி, ஆக்சிஜன் நீக்கிய நீரில் அலசி, உலரவிடாமல் அடுத்த கட்டத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். உலர்த்தி எடுத்துவைத்தால் கழுவியது வீண்.

இனி முறைக்கு வருவோம். உங்கள் கார்பைடு தூளாக இல்லாமல் தட்டையான படலமாக இருந்தால், வெற்றிட அறையிலேயே கார்பைடைத் தயாரித்து, வெளியே எடுக்காமல் பிளாட்டினத்தையும் ஆவிப்படிவாக்கியோ, அயனிகளால் மோதி அணுக்களைத் தெறிக்கவைக்கும் ஸ்பட்டரிங் மூலமோ படியவைப்பது எல்லாவற்றிலும் தெளிவானது. தூளுக்கு இது பொருந்தாது. அணுக்கள் நேர்கோட்டில் வந்து விழுவதால் துகளின் மறுபக்கம் வெறுமையாகவே இருக்கும். வாயுக்களை மாறிமாறிச் செலுத்திச் சுற்றுச் சுற்றாக வளர்க்கும் அணு அடுக்குப் படிவு துளைகளுக்குள்ளும் செல்லும், ஒரு சுற்றுக்குச் சுமார் 0.05 நானோமீட்டர் வளரும். ஆனால் வழக்கமான முறையில் 300 டிகிரி செல்சியஸ் அளவில் ஆக்சிஜன் செலுத்தப்படுவதால், தூய்மையாக்கிய கார்பைடு மீண்டும் ஆக்சைடாகிறது. முதல் சுற்றுகளில் படலம் உருவாகாமல் தீவுகளே வளர்கின்றன. தூளுக்கு என் தேர்வு வேறு: உலோக ஆக்சைடையும் பிளாட்டின உப்பையும் சிலிக்கா உறைக்குள் வைத்து, மீத்தேன், ஹைட்ரஜன் கலவையில் சுமார் 900 டிகிரியில் கார்பைடாக்கும் முறை. 2016இல் வெளியான இம்முறையில் பிளாட்டினம் தானாகவே மேற்பரப்பில் அடுக்காக அமைகிறது. உறையைக் கரைக்கப் புளோரைடு வேதிப்பொருள் தேவைப்படுவதால் உரிய பாதுகாப்புப் பயிற்சி இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

எவ்வளவு பிளாட்டினம் சேர்க்கிறீர்கள் என்பதையும் கணக்கிடுங்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் உண்மைப் பரப்பை ஓரணு அடுக்காக மூடச் சுமார் 0.5 மைக்ரோகிராம் போதும். கிராமுக்கு 5 சதுர மீட்டர் பரப்புள்ள தூளுக்கு இது ஒரு கிராம் தூளுக்கு ஏறத்தாழ 25 மில்லிகிராம் ஆகும். அதற்கு மேல் சேர்ப்பது அடுக்கைத் தடிப்பாக்குமே தவிர, வினை நடக்கும் பரப்பைக் கூட்டாது.

படிந்தது படலம்தானா என்று உறுதிசெய்வதில்தான் பலர் ஏமாறுகின்றனர். பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜன் அணுக்கள் ஒட்டும்போது பாயும் ஹைட்ரஜன் ஒட்டல் மின்னூட்டத்தைச் சதுர சென்டிமீட்டருக்கு 210 மைக்ரோகூலும் என்ற மதிப்பால் வகுத்துப் பரப்பைக் கணக்கிடுவது வழக்கம். எஞ்சிய டங்ஸ்டன் ஆக்சைடும் அதே மின்னழுத்த எல்லையில் ஹைட்ரஜனை உள்வாங்குவதால், இல்லாத பரப்பு இருப்பதுபோல் தோன்றும். மேற்பரப்பிலுள்ள தனிமங்களைக் காட்டும் எக்ஸ்-கதிர் ஒளிமின்னணு நிறமாலையில் பிளாட்டினம் கூடக்கூட டங்ஸ்டன் சமிக்ஞை சீராகத் தேய்கிறதா என்று பாருங்கள். மணிகளாக இருந்தால் அது மிக மெதுவாகவே குறையும். வெற்றுக் கார்பைடையும் எல்லா அளவீட்டிலும் உடன் வைத்து ஒப்பிடுங்கள். மின்சுற்றை முடிக்கும் இணை மின்முனையாகப் பிளாட்டினக் கம்பியை வைக்கவே கூடாது. அதிலிருந்து கரையும் பிளாட்டினம் உங்கள் மின்முனையில் படிந்து, நாளுக்கு நாள் செயல்திறன் கூடுவதுபோல் காட்டும். கிராஃபைட் தண்டே போதுமானது.

இந்த வினையூக்கியை எரிபொருள் கலங்களில் ஆக்சிஜன் நீராக மாறும் ஆக்சிஜன் ஒடுக்க வினைக்கும் பயன்படுத்தும் எண்ணமிருந்தால் கைவிடுங்கள். அங்கு நிலவும் உயர் மின்னழுத்தத்தில் மூடப்படாத கார்பைடு ஆக்சைடாகிவிடும். ஹைட்ரஜன் வெளியீட்டில் அந்த ஆபத்து இல்லை என்றாலும், மின்னோட்டத்தை நிறுத்திய பின் காற்று புகுந்தால் மின்முனையின் மின்னழுத்தம் தானாக உயர்ந்து கார்பைடு ஆக்சைடாகலாம். ஆகவே ஓய்வு நேரத்திலும் கலத்தில் ஹைட்ரஜனையோ நைட்ரஜனையோ தொடர்ந்து செலுத்துங்கள்.