எண்ணெயும் எரிவாயுவும் இருக்கும் கரீபியன் தீவான டிரினிடாடில் அமெரிக்க டாலருக்கு ஏன் தட்டுப்பாடு?

கேட்டவர் அங்கே வேலைக்குப் போகப்போகிறவர் போலத் தெரிகிறது. சம்பளம் எந்தப் பணத்தில் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாட்டுப் பணத்துக்கும் டாலர் என்றுதான் பெயர்; அந்த உள்ளூர் டாலர் என்றால் ஊருக்கு அனுப்புவதற்குள் படாத பாடு படுவீர்கள்.

நான் கப்பலில் மூன்றாம் இன்ஜினியர். 2019-ல் அம்மோனியா ஏற்ற பாயின்ட் லிசாஸ் துறைமுகத்துக்குப் போனோம். நாலு மணி நேரம் கரையிறங்க அனுமதி கிடைத்தது. கூவா ஊருக்கு டாக்சி பிடித்தேன். டிரைவர் இந்திய வம்சாவளி. இந்தி ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் வண்டியில் அனுமார் படம். வழியில் நிறுத்தி டபுள்ஸ் சாப்பிடச் சொன்னார்: மெத்தென்ற இரண்டு பூரிக்கு நடுவில் கொண்டைக்கடலைக் கறி.

திரும்பி வந்து உள்ளூர் நோட்டை நீட்டினால் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அமெரிக்க டாலர் இருந்தால் கொடேன் என்றார். மகள் கனடாவில் படிக்கிறாளாம், ஃபீஸ் கட்ட வங்கியில் கேட்டால் சொட்டுச் சொட்டாகத்தான் தருகிறார்களாம். இருபது டாலர் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார். துறைமேடையில் எங்கள் கப்பல். அதில் ஏறிக்கொண்டிருந்த சரக்கு முழுக்க டாலர்!

காரணம் இதுதான். அந்த நாட்டுக்கு டாலர் வருவதே பெரும்பாலும் எண்ணெய், எரிவாயு, அதிலிருந்து செய்யும் அம்மோனியா, மெத்தனாலில். 1962-ல் விடுதலை; 1973-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியபோது பிரதமர் எரிக் வில்லியம்ஸின் அரசு எரிவாயுவை நம்பி பாயின்ட் லிசாஸ் தொழிற்பேட்டையை வளர்த்தது. இப்போது எரிவாயு உற்பத்தி குறைந்துவிட்டது, 2018-ல் அரசு சுத்திகரிப்பு ஆலையையும் மூடிவிட்டார்கள். ஆனால் ஒரு அமெரிக்க டாலருக்கு 6.8 உள்ளூர் டாலர் என்ற ரேட்டுக்குப் பக்கத்திலேயே பிடித்து வைத்திருக்கிறார்கள். மலிவாக இருந்தால் எல்லோரும் கேட்கத்தானே செய்வார்கள்?

பக்கத்து வெனிசுவேலா கடலில் டிராகன் என்ற எரிவாயு வயல் இருக்கிறது. டிரினிடாட் அதைத் தொட அமெரிக்கா 2023 ஜனவரியில் அனுமதி கொடுத்தது, 2025 ஏப்ரலில் பிடுங்கிக்கொண்டது, அக்டோபரில் மறுபடி கொடுத்தது. இப்படி மாற்றி மாற்றி ஆடினால் இவர்கள் என்ன செய்வார்கள்?

கப்பல்காரனுக்கு என்ன பொருளாதாரம் தெரியும் என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். நாணய மதிப்பைக் குறைத்தால் சரியாகிவிடும் என்பீர்கள். சாப்பாட்டில் பெரும்பகுதி இறக்குமதியாகும் தீவில் அதைச் செய்து விலையெல்லாம் ஏற்றிவிட்டுத் தேர்தலில் நின்று பாருங்கள்.

ரேட் என்றதும் இன்னொன்று. என் முதல் காண்ட்ராக்டில், வீட்டுக்குப் போக வேண்டிய பணத்தைச் சென்னை ஏஜென்ட் தானாக ஒரு ரேட் போட்டு மாற்றினார். டாலருக்கு இரண்டு ரூபாய் அமுக்கல், ஒன்பது மாதமும். கேட்டதற்கு, "அடுத்த கப்பல் வேணுமா வேண்டாமா?" என்றார்.

வேணும் சார் என்றேன்.