கத்தோலிக்க மாணவர் படிப்பையும் செபத்தையும் எப்படிச் சேர்த்துக் கொண்டுபோவது?

செபமாலை சொல்ல உட்கார்ந்தால் பாடம் ஞாபகம் வருகிறது, பாடத்தை எடுத்தால் செபம் சொல்லவில்லையே என்று உறுத்துகிறது, தேர்வு மாதத்தில் ஞாயிறு பூசைக்குப் போவதா வேண்டாமா என்றும் குழப்பமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு வருடம் முழுக்க நானும் இதே தவிப்பில் இருந்தேன். அதனால் எழுதுகிறேன்.

எங்களுடையது தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். மாலையில் வீட்டில் செபமாலை, செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள் எல்லாம் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அது சுமையே இல்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. இயற்பியல் புத்தகத்தைத் திறந்த பத்தாவது நிமிடம், ஒரு மன்றாட்டுமாலை (வரிவரியாகச் சொல்லும் நீண்ட வேண்டுதல்) சொல்லிவிட்டு வரலாமே என்று தோன்றும். எழுந்து போவேன். முழங்காலில் நின்றதும் கண் கலங்கும், மனசு லேசாகும். திரும்பி வந்தால் கணக்கு விட்ட இடத்திலேயே கிடக்கும். அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் சரிந்தபோது, இவ்வளவு வேண்டியும் ஏன் இப்படி என்று மாதா சுரூபத்துக்கு முன்னால் கோபமாக நின்றிருக்கிறேன்.

அந்தச் சமயம் எங்கள் பங்குக் கோவிலில் தியானம் கொடுக்க, சேசு சபை என்ற துறவற சபையைச் சேர்ந்த ஒரு சாமியார் (குருவானவர்) வந்திருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறிவுரை எதுவும் சொல்லாமல், அந்தச் சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் பள்ளிக்கூடம் போன கதையைச் சொன்னார்.

1521இல் ஸ்பெயினின் பம்ப்லோனா நகரில் நடந்த போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, படுக்கையில் கிடந்தபடி மனம் மாறியவர் இஞ்ஞாசியார். அது பலருக்கும் தெரியும். 1524இல், முப்பது வயதைத் தாண்டிய பிறகு, பார்சிலோனாவில் லத்தீன் இலக்கணத்தை முதல் பாடத்திலிருந்து படிக்க உட்கார்ந்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. மனப்பாடம் செய்யத் தொடங்கினாலே அவருக்குப் புதிது புதிதாக ஆன்மீக வெளிச்சம் கிடைக்கும், உள்ளம் பொங்கும், இலக்கணம் மட்டும் மண்டையில் ஏறாது. கொஞ்ச நாளில் அவருக்கே ஒன்று உறைத்தது. செபிக்கும்போதும் பூசையிலும் வராத இந்தப் பரவசம் பாடப்புத்தகத்தைத் தொட்டால் மட்டும் ஏன் வர வேண்டும்? இது சோதனை என்று முடிவு கட்டினார். ஆசிரியரைக் கடல் மாதா கோவிலுக்கு அழைத்துப்போய், பார்சிலோனாவில் ரொட்டியும் தண்ணீரும் கிடைக்கும்வரை இந்த இரண்டு வருடமும் உங்கள் பாடத்தைக் கவனிக்கத் தவற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். தொந்தரவு நின்றுபோனது.

கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது. என்னையும் நாற்காலியிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போனது பக்தி இல்லை. கஷ்டமான கணக்கைக் கண்டு ஓடும் மனசுதான் பக்தி வேஷம் போட்டிருந்தது. பிற்பாடு சபையின் சட்டதிட்டங்களை எழுதியபோது, படிக்கும் இளம் துறவிகள் நீண்ட செபங்களில் இறங்க வேண்டாம் என்றே இஞ்ஞாசியார் வைத்தார். தூய நோக்கத்தோடு செய்யும் படிப்பு முழு மனிதனையும் கேட்கிறது, அந்தக் காலத்தில் அதுவே கடவுளுக்குக் கூடுதலாக உகந்தது என்பது அவர் எண்ணம்.

அப்புறம் நான் செய்தது ரொம்பச் சின்ன மாற்றம். புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரு நிமிடம் செபம். பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியல் அறிஞரான புனித தாமஸ் அக்குவினாஸ் படிப்புக்கு முன் சொல்ல ஒரு செபம் விட்டுப்போயிருக்கிறார். பாவம், அறியாமை என்ற இரட்டை இருட்டை என்னிடமிருந்து நீக்கும், புரிந்துகொள்ளக் கூர்மையும் நினைவில் நிறுத்தும் திறனும் தாரும், தொடக்கத்தை வழிநடத்தி முடிவை நிறைவாக்கும் என்று போகும். மதிப்பெண் என்ற பேச்சே அதில் இல்லை. அதைச் சொல்லி சிலுவை அடையாளம் போட்டால், அடுத்த ஒரு மணி நேரத்துக்கு எந்த மன்றாட்டுமாலைக்கும் எழுந்திருப்பதில்லை. தோன்றினால், குடும்பச் செபமாலையில் சேர்த்துக்கொள்வேன் என்று ஓரத்தில் குறித்துவைத்துவிட்டுக் கணக்குக்குத் திரும்புவேன்.

ராத்திரி படுக்கும் முன் ஐந்து நிமிடம் ஆன்ம ஆய்வு, அதாவது அன்றைய நாளைக் கடவுள் முன் திரும்பிப் பார்ப்பது. பாவங்களை எண்ணுவதோடு நிறுத்தாமல் படிப்பையும் அதில் கொண்டுவாருங்கள். இன்று எந்தப் பாடம் புரிந்தது? நன்றி சொல்லுங்கள். எங்கே ஏமாற்றினேன், யாருடைய வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதினேன், பக்கத்து இருக்கைக்காரன் சந்தேகம் கேட்டபோது ஏன் மழுப்பினேன்? இதைவிட நேர்மையான படிப்புத் திட்டம் எனக்குக் கிடைத்ததில்லை.

பொதுத்தேர்வு அன்று விடைத்தாளில் எந்த அடையாளமும் போடக் கூடாது என்று ஆசிரியர் முன்பே சொல்லியிருந்தார். கட்டைவிரலால் மேசையில் ஒரு சிலுவை வரைந்தேன். மேசை சொரசொரப்பாக, யாரோ காம்பஸ் முனையால் கீறிய பெயர்களோடு இருந்தது. கை நடுங்கியது, ஆனால் கடவுளிடம் பேரம் பேசும் எண்ணம் வரவில்லை. எனக்கு அது பெரிய விடுதலை.

சேசு சபையின் புனித பிரான்சிஸ் சவேரியாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அவர் எங்கள் கரைக்கு வந்தவர். பாரிஸில் இஞ்ஞாசியாரோடு ஒரே அறையில் தங்கிப் படித்து, அங்கேயே தத்துவம் கற்பித்தவர், 1542இல் முத்துக்குளித்துறைக்கு, அதாவது எங்கள் தூத்துக்குடிக் கடற்கரைக்கு, வந்து செபங்களைத் தமிழில் பெயர்க்கவைத்துத் தானும் மனப்பாடம் செய்தார். மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி அவற்றைச் சொல்லிக்கொடுத்தார். 1544இல் எழுதிய கடிதத்தில், பாரிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய், அன்பை விட அறிவு மிகுந்தவர்களிடம் பைத்தியக்காரனைப் போலக் கத்த வேண்டும் போல இருக்கிறது என்கிறார். படித்தது யாருக்குப் போய்ச் சேரப்போகிறது என்ற அவருடைய தவிப்பு அது. நீட் எழுதப் போகிற பிள்ளைகளுக்கும் அந்தக் கேள்வி அப்படியே பொருந்தும். என் மாணவர்களிடம் அதைக் கட்டாயம் கேட்பேன்.

சரி, ஞாயிறு பூசை. அதை விடாதீர்கள். பொதுத்தேர்வு பெரும்பாலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில்தான் வருகிறது, வாரத்தில் அந்த ஒரு மணி நேரம் உங்களைக் கீழே இறக்காது. திங்கட்கிழமை தேர்வு இருந்து பயமாக இருந்தால், பங்கில் சனிக்கிழமை மாலை ஞாயிறு பூசை உண்டா என்று சாமியாரிடம் கேளுங்கள். ஞாயிறு பூசை காண வேண்டும் என்ற கடமைக்கு அதுவும் செல்லும்.