எண்ணெய் ஓவியத்துக்குக் கடைசி வார்னிஷ்: எது, எப்போது?

எண்ணெய் வண்ணத்தில் வரைந்து முடித்த படத்துக்கு எந்த வார்னிஷ் நல்லது, எப்போது பூசலாம் என்பது கேள்வி.

கடைசி வார்னிஷ் என்பது காய்ந்த ஓவியத்தின் மேல் பூசும் நிறமற்ற மெல்லிய பிசின் படலம். தலையணை உறை மாதிரி. அழுக்கு உறையில்தான் சேரும். உறையைக் கழற்றித் துவைத்தால் போதும், பஞ்சைத் தொட வேண்டியதில்லை. அதனால், பின்னாளில் கரைத்தெடுக்க முடிவதுதான் நல்ல வார்னிஷுக்கு முதல் தகுதி.

வார்னிஷ் வகைகளில் டாமர் என்பது மரப்பிசின், நம் குங்கிலியத்துக்கு உறவுக்காரன். பளபளப்பு அருமை, ஆனால் வருடம் போகப்போக மஞ்சளாகும். தாமிரபரணிக்கு மேலே நீங்கள் தீட்டிய நீல வானம் பச்சையடிக்கும். செயற்கைப் பிசின் வார்னிஷ் அவ்வளவு மஞ்சளாகாது. என் ஓட்டு அதற்குத்தான். பளபளக்காத மேட் வகை ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணைக் கூசாது, ஆனால் கருமை கொஞ்சம் வெளுத்துத் தெரியும்.

சரி, எப்போது? எண்ணெய் வண்ணத்தில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றின் ஆக்சிஜனை வாங்கி மெல்ல இறுகுகிறது. மேலே தோல் கட்டினாலும் உள்ளே இளக்கமாகவே இருக்கும். பொதுவாக 6 முதல் 12 மாதம் பொறுக்க வேண்டும். "பாளையங்கோட்டை வெயிலுக்கு ஒரு மாசம் போதாதா?" என்பார்கள். போதாது. அப்புறம், குற்றாலத்தில் சாரல் அடிக்கிற நாளிலோ ஐப்பசி அடைமழையிலோ பூசாதீர்கள். ஈரக்காற்று பட்டால் வார்னிஷ் பால் தெளித்ததுபோல வெள்ளை பூத்துவிடும்.

வார்னிஷ் எல்லாம் ஒன்றுதானே என்று, கதவுக்கு அடித்து மிஞ்சிய டப்பாவைத் திறக்கிறவர்கள் உண்டு. அது மஞ்சளாகும், படத்தைக் கெடுக்காமல் அதை எடுக்கவும் முடியாது.