சிரட்டை கேட்கும் பேரன்

கேள்வி: சுவிஸில் பாசலில் இருக்கும் என் பேரன் சரோத் என்ற தந்தி வாத்தியம் பழகப் போகிறானாம். படிப்பிக்கிறவர் வெள்ளைக்காரர். வடஇந்திய சங்கீதத்தை வெள்ளைக்காரரிடம் போய்ப் படிப்பதா என்று கேட்டால் சிரிக்கிறான். அதோடு, "நல்ல சிரட்டை ரெண்டு அனுப்பி விடுங்கோ அம்மம்மா" என்கிறான். என்னைப் பகிடி பண்ணுகிறானா?
- ஒரு அம்மம்மா, கோண்டாவில்

பதில்: பகிடி இல்லை அம்மா, அனுப்பி விடுங்கள். சரோத்தை மீட்டுகிற துண்டுக்கு ஜவா என்று பெயர். அதைத் தேங்காய்ச் சிரட்டையைச் சீவித்தான் செய்வார்கள். நன்றாக முற்றின காயாக, வெடிப்பில்லாததாகப் பாருங்கள். புட்டுக்குத் துருவினால் சிரட்டை அடுப்புக்கு என்றுதானே இருந்தோம்!

வாத்தியார் யாரென்று நீங்கள் எழுதவில்லை. பாசல் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது கென் சக்கர்மன் என்ற அமெரிக்கர். சரோத் மேதை அலி அக்பர் கானிடம் 37 வருஷம் படித்தவர். கான் 1967இல் கலிபோர்னியாவில் தொடங்கிய இசைக் கல்லூரிக்கு 1985இல் பாசலில் ஒரு கிளை வந்தது. அதை நடத்தியவர் இவர்தான். கானுக்குக் குரு அவருடைய தகப்பன் அலாவுதீன் கான். சிதார் மேதை ரவிசங்கரும் அந்த வீட்டில் படித்தவர். இதைவிடக் கிட்டடியான பரம்பரைக்கு நீங்கள் எங்கே போவீர்கள்?

நானே முப்பது வருஷம் வயலின் படிப்பித்துச் சாப்பிட்டவன். அது ஐரோப்பாவிலிருந்து வந்த வாத்தியம். அதைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்த பாலுசுவாமி தீட்சிதர், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி, ஓர் ஐரோப்பியரிடம்தான் வாசிக்கப் பழகினார். அப்போது யார் சிரித்தார்களோ!

சரி, உங்கள் சந்தேகம் எனக்கும் இருந்ததுதான். ஒருமுறை பன்சூரி என்ற வடஇந்தியப் புல்லாங்குழல் வாசிக்கும் நோர்வேக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். யமன் ராகம் எடுத்தார். எங்கள் கல்யாணி ராகத்தின் அதே சுரங்கள். நான் வழக்கப்படி கமகத்தை, சுரத்தை அசைக்கிற அந்த அசைவை, தேடிக்கொண்டிருந்தேன். மனுசன் நிஷாதத்தில், அதாவது 'நி'யில், போய் நின்றார். அசைக்கவில்லை. 'ஸ'வுக்கு ஒரு நூல் கீழே, அப்படியே. பின்னால் தம்புரா மட்டும். குசினியில் நின்ற மனைவி அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். என் கச்சேரிக்கு அவள் ஒருநாளும் அடுப்பை நிற்பாட்டியதில்லை. பிறகு அவரிடம், பழக எது கஷ்டம் என்று கேட்டேன். விரலைவிடக் காதுதான் கஷ்டம் கொடுத்ததாம். பியானோவில் சுரங்களைச் சம இடைவெளியில் ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டு வளர்ந்த காதிலிருந்து ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கவே சில வருஷம் போனது என்றார். சுவிஸில் வளரும் உங்கள் பேரனுக்கும் அந்த வேலை இருக்கிறது. அதே வேலையைத் தானும் செய்து முடித்த வாத்தியார் கிடைத்தால் அவனுக்கு நல்லதுதான்.

இன்னொன்று. சரோத்தில் வீணை மாதிரி தண்டின் மேல் மெட்டுக் கட்டைகள் கிடையாது, வழுவழுப்பான உலோகத் தகடுதான். இடது கை நகத்தால் தந்தியை அழுத்தி இழுக்க வேண்டும். அடுத்த நல்லூர்த் திருவிழாவுக்கு அவன் வந்தால் அந்தக் கையைப் பிடித்துப் பாருங்கள். நகத்தில் தந்தி அறுத்த கோடு விழுந்திருந்தால் ஒழுங்காகப் பழகுகிறான். ஒட்ட வெட்டியிருந்தால், சிரட்டையைத் திருப்பி வாங்கி அடுப்பில் வையுங்கள்.