பிடியை இறுக்கினால்தான் சுடும்: பழைய குட்டைக் குழல் ரிவால்வர் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: டெக்சாஸில் கிரீன் கார்டுடன் வசிக்கிறேன். பழைய துப்பாக்கிகள் விற்கும் கடை ஒன்றில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ‘சென்டினியல்’ ரிவால்வரைப் பார்த்தேன். பிடியின் முதுகில் ஒரு பட்டை துருத்திக்கொண்டிருக்கிறது. வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் அந்தப் பட்டையைத்தான். அது ஒரு பாதுகாப்புப் பூட்டு: பிடியை இறுக்கி அதை அமுக்கினால்தான் விசை இயங்கும். நிறுவனத்தின் நூற்றாண்டான 1952-இல் வந்ததால் இந்த ரிவால்வருக்குச் சென்டினியல் என்று பெயர். 1957-இல் ‘மாடல் 40’ ஆனது. அலுமினியக் கலவை உடல் கொண்ட தம்பி ‘மாடல் 42’. இரண்டும் 1974-இல் நின்றுபோயின. 1990 வாக்கில் இந்தக் குடும்பம் 640 என்ற எண்ணோடு திரும்பியபோது பட்டையைக் காணோம். பழைய துப்பாக்கியைத் தேடிப் போகிறவர்களுக்குப் பாதி மோகம் அந்தப் பட்டையின் மீதுதான்.

கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, தோட்டா உருளையைத் திறந்து, ஐந்து அறைகளும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு பட்டையைத் தொடாமல் விசையை இழுங்கள், அசையக் கூடாது. பிடியை இறுக்கி இழுத்தால் இயங்க வேண்டும். கையைத் தளர்த்தியதும் பட்டை துள்ளி வெளியே வர வேண்டும். உள்ளேயே அமுங்கிக் கிடந்தால் வில் (ஸ்பிரிங்) செத்திருக்கலாம். அல்லது யாரோ ஊசி செருகியிருக்கலாம். பட்டை வேண்டாம் என்பவர்கள் அதை அமுக்கிப் பூட்டிவைக்க நிறுவனமே பிடிப்பலகைக்கு அடியில் ஒரு சின்ன ஊசியை வைத்து அனுப்பியது. பழைய துப்பாக்கிகளில் அது தொலைந்திருப்பதும் உண்டு, இருக்கக்கூடாத துளையில் இருப்பதும் உண்டு. பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கும் கடைக்காரரிடம் வாங்க வேண்டாம்.

அடுத்து, விசையை மெல்ல இழுத்து அப்படியே பிடித்துக்கொண்டு உருளையை ஆட்டிப் பாருங்கள். முன்னும் பின்னும் லொடலொடவென்று ஆடினால் தேய்மானம். குழலுக்குள் டார்ச் அடித்துத் துருக்குழியோ வீக்கமோ இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத் தகட்டின் திருகுகளை நான் எப்போதும் உற்றுப் பார்ப்பேன். திருகுத் தலை சிதைந்திருந்தால், பொருந்தாத திருப்புளியோடு யாரோ உள்ளே போய் ‘சரிசெய்திருக்கிறார்’ என்று அர்த்தம்.

கேள்வி: என்னிடம் மாடல் 42 இருக்கிறது. என் கை பெரியது, மரப்பிடி நழுவுகிறது. ரப்பர் பிடி மாட்டலாமா? விசையின் கனத்தைக் குறைக்க வில்லையும் மாற்றலாம் என்கிறார் நண்பர்.

பதில்: முதுகை மூடும் ரப்பர் பிடி உங்களுக்கு ஆகாது. அது பட்டையின் மேல் படிந்தால் ஒன்று பட்டை எப்போதும் அமுங்கியிருக்கும், இல்லையென்றால் அமுங்கவே அமுங்காது. முன்னது காப்பைக் கெடுக்கும். பின்னது அவசரத்தில் உங்களைக் கெடுக்கும். முதுகைத் திறந்துவிடும் பிடிகளை மட்டும் பாருங்கள். அதைவிட எளிய வழி ‘டைலர் டி-கிரிப்’. விசையைச் சுற்றிய வளையத்துக்குப் பின்னால் நடுவிரல் தவிக்கும் இடைவெளியை நிரப்பும் சின்ன உலோகத் துண்டு அது. பழைய மரப்பலகை அப்படியே இருக்கும். எதையும் செதுக்க வேண்டாம். கழற்றிய அசல் பலகைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாளை விற்கும்போது அவற்றுக்கென்றே தனி விலை பேசுவார்கள்.

வில்லைத் தொடாதீர்கள். சுத்தியலைத் தள்ளும் வில் தளர்ந்தால் விசை இதமாகத்தான் இருக்கும், ஆனால் தோட்டாவின் பின்புறத்தில் அடி வலுவாக விழாது. ‘டிக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடும். சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் இதைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்தவும் முடியாது. ஒவ்வொரு முறையும் விசையை முழுக்க இழுத்துத்தான் ஆக வேண்டும். அதற்குப் பழகிக்கொள்வது செலவில்லாத வேலை.

சுமார் 13 அவுன்ஸ் எடை கால்சட்டைப் பைக்கு இதம், கைக்கு அல்ல. சாதாரண .38 ஸ்பெஷல் தோட்டா போதும். ‘பிளஸ் பி’ என்று அச்சிட்ட அதிக அழுத்தத் தோட்டாக்கள் இந்தப் பழைய அலுமினிய உடலுக்கு வேண்டாம். விசையை முழுக்க மூடும் உறையில்தான் வையுங்கள், அந்தப் பையில் சாவியோ சில்லறையோ சேரக் கூடாது. பட்டை இருக்கிறதே என்று உறையில்லாமல் செருகிக்கொள்வோரைப் பார்த்திருக்கிறேன். பட்டை உங்கள் கைக்குத்தான் காவல்; விசையில் சிக்கிய சாவியை எடுக்கக் கை நுழைத்துப் பிடியை இறுக்கினால் அதுவும் திறந்துகொள்ளும்.

கேள்வி: என் மனைவியின் கொள்ளுத்தாத்தா விட்டுச்சென்ற ‘லெமன் ஸ்க்வீசர்’ வீட்டில் இருக்கிறது. நிக்கல் பூச்சு உரிந்திருக்கிறது. புதிதாகப் பூசி, கையோடு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: எலுமிச்சை பிழிவதுபோல் பிடியை இறுக்க வேண்டும் என்பதால் வந்த செல்லப் பெயர் அது. 1887-இல் .38 அளவிலும் அடுத்த ஆண்டு .32 அளவிலும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனிடமிருந்து வந்த ‘சேஃப்டி ஹாமர்லெஸ்’ ரிவால்வர்தான் அது. உங்கள் சென்டினியல்களுக்கெல்லாம் பாட்டி. குழந்தை ஒன்று துப்பாக்கியை எடுத்து விளையாடி விபத்தான செய்தியைக் கேட்டுத்தான் நிறுவனர்களில் ஒருவரான டேனியல் வெஸ்ஸன் இதைச் செய்தார் என்று ஒரு கதை உலவுகிறது.

பூச வேண்டாம். உரிந்த அசல் நிக்கலுக்கு இருக்கும் மதிப்பு பளபளக்கும் புதுப் பூச்சுக்குச் சேகரிப்பாளர்களிடம் கிடையாது. மெருகேற்றும்போது எழுத்துகளும் விளிம்புகளும் மழுங்கிப்போகும். கூடவே ஒரு எச்சரிக்கை: அதன் ‘.38 எஸ் அண்ட் டபிள்யூ’ தோட்டா வேறு, இன்றைய .38 ஸ்பெஷல் வேறு. பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். கரிமருந்துக் காலத்து, நடுவில் மடங்கித் திறக்கும் உடல் அது. துப்பாக்கிக் கம்மியரிடம் காட்டாமல் ஒரு தோட்டாகூடச் சுட வேண்டாம். இடுப்பில் சுமக்க அல்ல, பெட்டியில் வைக்கத்தான் அது.

துப்பாக்கியின் உடல் 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டிருந்தால் அமெரிக்க மத்தியச் சட்டத்தில் அது தொல்பொருள். வாங்கும் விதிகள் பெரும்பாலும் பொருந்தாது. உடன் கொண்டுசெல்லும் விஷயத்தில் மாநிலச் சட்டம் வேறு மாதிரிச் சொல்லலாம்.

கேள்வி: நான் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். சென்டினியல் ஒன்றைச் சேகரிப்புக்காக வாங்கலாமா?

பதில்: பொதுவாக முடியாது. எச்-1பி போன்ற குடியேறாதோர் விசாவில் வந்தவர் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நண்பரின் துப்பாக்கியைச் சுடுதளத்தில் கையில் எடுப்பதும் ‘வைத்திருப்பது’தான். மீறினால் 15 ஆண்டுகள் வரை சிறை; விசாவும் போகும். வேட்டை உரிமம் எடுத்தே தீருவேன் என்றால், அதை எடுத்தபின் கடைக்குப் போவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். அவர் வாங்கும் கட்டணம் துப்பாக்கியின் விலையைத் தாண்டலாம்.