69-ஐக் கொடுத்துவிட்டு 70 வாங்கலாமா?

வணக்கம். உங்களிடம் எம்எஸ் 69 (புழங்காத காசுகளின் தரவரிசையில் உச்சமான 70-க்கு ஒரு படி கீழே) தரச்சான்று பெற்ற 2012 அமெரிக்கன் கோல்ட் ஈகிள் என்ற அமெரிக்கத் தங்கக் காசு, ஒரு அவுன்ஸ், இருக்கிறது. அதைக் கொடுத்து, மேலே நல்ல தொகை போட்டு, "இந்தத் தரத்தில் கொஞ்சம்தான் இருக்கிறது" என்று வியாபாரி சொல்லும் அதே ஆண்டின் 70-ஐ வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன்.

காசுகளுக்குத் தரச்சான்று தரும் பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்கள் தரவாரியாக வெளியிடும் எண்ணிக்கை, அவர்களிடம் அனுப்பப்பட்ட காசுகளை மட்டும்தான் காட்டும். தரச்சான்றுக்கே போகாமல் பெட்டியில் கிடப்பவை ஏராளம். அவற்றில் கொஞ்சம் நாளை அனுப்பப்பட்டால் அந்த எண் ஏறும், கூடுதல் விலை இறங்கும். இரண்டிலும் தங்கம் ஒரே அளவுதான். 69-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசம் வெறும் கண்ணுக்குத் தெரிவதே அரிது.

அச்சிட்டதே குறைவு என்றால் கதை வேறு. 1999-இல் மெருகேற்றி முடிக்கப்படாத ப்ரூஃப் (சேகரிப்போருக்கான பளபளப்பு வகை) அச்சுகளால் தவறுதலாக அடிக்கப்பட்டு, வெஸ்ட் பாயிண்ட் நாணயச்சாலையின் 'டபிள்யூ' குறியோடு வெளிவந்த சிறிய ஈகிள்களுக்குக் குறைந்த தரத்திலும் மதிப்பு உண்டு. 1986 முதல் 1991 வரை ரோமன் எண்ணில் ஆண்டு பொறித்தவற்றிலும் 70 உண்மையிலேயே அரிது. அப்போது அவற்றை வெறும் தங்கமாகவே கையாண்டார்கள்.

அப்புறம் ஒன்று. ஈகிள் 22 காரட், செம்பு கலந்தது. தரச்சான்றோடு வரும் மூடிய பெட்டிக்குள் இருந்தாலும் அந்தச் செம்பினால் பின்னாளில் சிவப்புப் புள்ளி வரலாம். 70 என்று எழுதியிருந்தாலும் புள்ளியைப் பார்த்தவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். எப்படியும் வாங்குவதென்றால், அதே காசு சமீபத்திய ஏலங்களில் என்ன விலைக்குப் போனது என்று முதலில் பாருங்கள்.